விடியும்வரை நிற்கும் குளோரின்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை, உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு என்று கோவளம்வரை நீச்சல்குளம் வைத்த வீடுகள் வரிசையாக இருக்கின்றன. பாதிக்கு மேல் வார இறுதி வீடுகள். ஓனர் நகரத்துக்குள் இருப்பார், இல்லையென்றால் வெளிநாட்டில். தண்ணீரைத் தினம் கண்ணால் பார்ப்பவர் வாட்ச்மேன் ஒருவர்தான். அவருக்கு பூலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மாத்திரை போடு, மோட்டார் போடு, அவ்வளவுதான். தண்ணீர் பச்சையான பிறகு எனக்கு போன் வரும். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "எத்தனை கிலோ குளோரின் போட்டா தெளியும்?"

கிலோவில் பதில் சொல்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். நான் திருப்பிக் கேட்பேன்: "இதுவரைக்கும் என்ன போட்டுட்டு இருந்தீங்க, எவ்வளவு காலமா?" வீட்டுக்காரருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தப் பதிலில்தான் பாதி வேலை இருக்கிறது. குளோரினைக் கொட்டுவது அஞ்சு நிமிஷ வேலை. கொட்டிய அளவு இறங்காமல் பிடித்து நிறுத்துவதற்குத்தான் எனக்குக் கூலி.

ஒரு சாதாரண வீட்டு பூலை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். 70,000 லிட்டர். இதில் தினம் ஒரு 200 கிராம் டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரையைப் போடுகிறார்கள். மிதவையில் வைத்துவிட்டால் மெல்ல மெல்லக் கரையும், யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். அதனால்தான் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. ஆனால் அந்த மாத்திரையில் குளோரின் மட்டும் இல்லை. எடையில் பாதிக்குச் சற்று மேல் சயனூரிக் ஆசிட். ஒரு மாத்திரை இந்தக் குளத்தின் குளோரினை 2.5 பிபிஎம் அளவுக்கு ஏற்றும். கூடவே சயனூரிக்கை ஒன்றரை பிபிஎம் ஏற்றும். குளோரின் அன்றைக்கே செலவாகிவிடும். சயனூரிக் எங்கேயும் போகாது. ஆவியாகாது, ஃபில்டரில் மாட்டாது, குளோரினும் அதை எளிதில் சிதைக்காது. ஒரு மாதத்தில் 45 ஆகும், இரண்டு மாதத்தில் 90 ஆகும்.

சயனூரிக் கெட்ட சாமான் இல்லை. திறந்தவெளிக் குளத்துக்கு அது வேண்டும். அது அறவே இல்லாத தண்ணீரில் சென்னை உச்சிவெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். 30-லிருந்து 50 பிபிஎம்வரை இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றும். அதைத் தாண்டினால் குளோரினைப் பிடித்துவைத்துக்கொண்டு பாசிப் பக்கம் விடாது. கிட்டில் சோதித்தால் குளோரின் 3 என்று காட்டும், தண்ணீரோ பச்சையாக இருக்கும். "சார், குளோரின் இருக்கு, ஆனா பாசி வருது, இது ஏதோ புது மாதிரி பாசி" என்று சொல்லிவிட்டு பாசிமருந்து விற்கப் பார்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாசி பழைய பாசிதான்.

பச்சையைக் கொல்ல எவ்வளவு குளோரின் வேண்டும் என்பதும் சயனூரிக்கைப் பொறுத்தது. அது 30 இருந்தால் குளோரினை 12-க்கு ஏற்றி அங்கேயே நிறுத்த வேண்டும். 50 என்றால் 20. 100 என்றால் 40. ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு என்று மனதில் வைத்துக்கொள்வேன். 40 பிபிஎம் என்றால் இந்தக் குளத்துக்கு 10 சதவீத ஹைப்போ, அதாவது திரவக் குளோரின், 28 லிட்டர், அதுவும் ஒரு தடவை ஏற்றுவதற்கு மட்டும். அதைவிட பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மூன்று லாரி நல்ல தண்ணீர் விடுவது மலிவு. இதைச் சொன்னால் சில ஓனர்கள் முகம் சுருங்கும். 2019 கோடையில் நான் யாரிடமும் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குடிக்கவே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஊர் நின்றிருந்தபோது பூலுக்கு லாரி விடச் சொல்ல வாய் வரவில்லை. மழைக்காலத்திலும் சொல்வதில்லை, காரணம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலே நிற்கும். அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் அடியிலிருந்து தண்ணீர் தள்ளும். டைல்ஸ் பெயரும், தரை விரியும், லேசாகக் கட்டிய குளமாக இருந்தால் கூடே எழும்பும்.

சயனூரிக் சோதனை பார்க்க வேடிக்கையானது. குளத்துத் தண்ணீரும் மருந்தும் சரிபாதி கலந்து குலுக்கினால் கலங்கும். சயனூரிக் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கலங்கல். அடியில் கறுப்புப் புள்ளி வைத்த குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தக் கலங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். எந்தக் கோட்டில் புள்ளி மறைகிறதோ அதுதான் அளவு. உற்று உற்றுப் பார்த்தால் புள்ளி இருப்பது போலவே தோன்றும். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுவேன். மாத்திரையே கதி என்று இருந்த குளங்களில் குழாய் கால்வாசி நிரம்புவதற்குள் புள்ளி போய்விடும்.

குளோரின் சோதனையில் வேறு ஒரு ஏமாற்று உண்டு. மலிவான கிட்டில் மஞ்சள் நிறம் வருமே, அது மொத்தக் குளோரினைக் காட்டுவது. வேலை செய்கிற குளோரின் எவ்வளவு, ஏற்கெனவே அழுக்கோடு சேர்ந்து செத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. டிபிடி மருந்து இளஞ்சிவப்பு காட்டும், அது பரவாயில்லை. ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பே வெளுத்துப்போய் வெறும் தண்ணீர் போலத் தெரியும். அதைப் பார்த்து "குளோரினே இல்லை" என்று இன்னொரு கேன் ஊற்றிய ஆட்கள் உண்டு. பாசி எடுக்கும் வேலைக்குச் சொட்டு எண்ணும் கிட் ஒன்றுதான் நம்பகமானது. பொடியைப் போட்டால் சிவக்கும். சிவப்பு மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 10 மில்லி தண்ணீர் எடுத்தால் ஒரு சொட்டுக்கு அரை பிபிஎம். விலை ஜாஸ்திதான். ஆனால் இந்தத் தொழிலில் அது இல்லாமல் இறங்குவதில் அர்த்தம் இல்லை.

வாசனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். "குளோரின் நாத்தம் தாங்கல, கம்மி பண்ணுங்க" என்பார்கள். கண்ணை எரிக்கும் அந்த நெடி பெரும்பாலும் வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்த குளோரினிலிருந்து வருவது. அங்கே குளோரினைக் கூட்ட வேண்டும். நம்பச் செய்வது கஷ்டம்.

பாசி எடுக்க நான் ஹைப்போ தவிர வேறு எதையும் பயன்படுத்துவதில்லை. சயனூரிக்கும் ஏறாது, சுண்ணாம்பும் ஏறாது. ப்ளீச்சிங் பவுடர் போட்டால் அடியில் கசடு தங்கும், ஏற்கெனவே கடினமான போர் தண்ணீர் இன்னும் கடினமாகும். ஆனால் ஹைப்போவுக்கு ஆயுசு குறைவு. கேனில் 12 சதவீதம் என்று எழுதியிருக்கும். மே மாதம் கடை வாசலில் வெயிலில் நின்ற கேனில் பாதிகூட இருக்காது. அதனால் புதுக் கேன் வந்தால் முதலில் ஒரு டிரம்மில் 100 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் பிடித்து, ஊசியால் 10 மில்லி ஹைப்போ விட்டுக் கலக்கிச் சோதிப்பேன். 10 பிபிஎம் வந்தால் சரக்கு 10 சதவீதம், 6 வந்தால் 6 சதவீதம். வேறு கணக்கே வேண்டாம். கடைக்காரருக்கு இந்த டிரம்மைக் கண்டால் பிடிக்காது.

2020 செப்டம்பரில் கொரோனா கால இ-பாஸ் ரத்தான பிறகு வந்த வேலைகளில் ஒன்று முட்டுக்காட்டுப் பக்கம். மார்ச்சில் ஊரடங்கு வந்ததிலிருந்து ஓனர் அந்தப் பக்கமே வரவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது, மோட்டாரையும் நிறுத்திவிட்டார்கள். நான் போனபோது தண்ணீர் கரும்பச்சை. இரண்டாவது படி தெரியவில்லை. கொசுப்புழு நெளிந்தது, ஓரத்தில் தலைப்பிரட்டைகள் கூட்டமாக ஒதுங்கியிருந்தன. வேப்பிலையும் தென்னம்பாளையும் விழுந்து அடியில் ஊறிக் கிடந்தன. வலையை விட்டால் கறுப்புச் சேறு வந்தது, சாக்கடை வாடையோடு. ஓனர் வீடியோ காலில் பார்த்துவிட்டு அன்றைக்கே குளோரின் போடச் சொன்னார். இலை இருக்கும்போது குளோரின் போட்டால் காசு இலைக்குத்தான் போகும் என்று சொல்லி, முதல் நாள் முழுக்க வலை மட்டும் போட்டோம். அடி தெரியாத குளத்தில் வலை போடுவது கை பழக வேண்டிய வேலை. கம்பை வேகமாக இழுத்தால் குப்பை மேலே கிளம்பி மறுபடி படிந்துவிடும்.

மறுநாள் காலையில் ஆசிட் விட்டு பிஎச்சை 7.2-க்கு இறக்கினேன். குளோரினை ஏற்றிய பிறகு பிஎச் சோதனை பொய் சொல்லும் என்பதால் அதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். ஆசிட் காலையில், ஹைப்போ சாயங்காலம், நடுவில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாளியைத் தொடக்கூடாது. சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய மோட்டார் ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். மாத்திரைத் தூளையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே கரண்டியில் அள்ளினாலும் ஆபத்துதான், சூடேறித் தீப்பிடிக்கும்.

சாயங்காலம் 7 லிட்டர் விட்டோம், 10 பிபிஎம் கணக்கு. பத்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் பொடி சிவக்கவே இல்லை. இருந்ததெல்லாம் செத்த குளோரின். மறுபடி 7 லிட்டர். மறுபடியும் பூஜ்யம். வாட்ச்மேன் விழுப்புரத்துப் பையன், கேனைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்துப்போய்க் கேட்டான்: "அண்ணே, ஊத்துற மருந்தெல்லாம் எங்கண்ணே போவுது?" நியாயமான கேள்வி. குளோரின் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்த தண்ணீரில் ஒருவகை பாக்டீரியா சயனூரிக்கைத் தின்று அம்மோனியாவாக மாற்றிவிடும். அதற்கு முன் மாத்திரையாகவே போட்டுவந்த குளம் அது. சயனூரிக் குழாயில் பார்த்தால் கலங்கலே இல்லை. அத்தனையும் அம்மோனியாவாகிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அம்மோனியா தீரும்வரை போடுகிற குளோரினை அதுவே விழுங்கும். இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிட்டு தண்ணீரையே மாற்றுவார்கள். தொடர்ந்து ஊற்றினால் எங்கோ ஒரு கட்டத்தில் நிற்கும். ராத்திரி வெகு நேரம் கழித்து நின்றது. பொடி போட்டதும் குப்பியில் சிவப்பு பிடித்ததைப் பார்த்து அவன் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டான்.

பிறகு சயனூரிக்கை நாமே போட வேண்டியிருந்தது. 30 பிபிஎம்முக்கு 2.1 கிலோ. பழைய காலுறையில் கட்டித் தண்ணீர் வரும் துவாரத்துக்கு எதிரே தொங்கவிட்டேன். மாத்திரையைத் திட்டுகிறவன் அதே சாமானைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறானே என்று யாரும் கேட்கலாம். அளவு நம் கையில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். அதன் பிறகு குளோரின் 12. பகலில் இரண்டு மூன்று தடவை சோதித்து, இறங்கியதை அப்போதைக்கப்போது நிரப்பினோம். மோட்டார் இரவு பகலாக ஓடியது. இபி பில்லுக்குப் பயந்து ராத்திரி நிறுத்தச் சொல்லும் ஓனர்களிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை.

பிரஷ் போடுவதைப் பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள். பாசிக்கு மேலே வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது, அதற்குள் குளோரின் சுலபமாக இறங்காது. தேய்த்துக் கிழிக்க வேண்டும். நம் ஊர்க் குளங்கள் பெரும்பாலும் டைல்ஸ் போட்டவை. டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடுக்கில் கறுப்புப் பாசி வேர் பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும். அங்கே கம்பி பிரஷ், டைல்ஸ்மேல் நைலான் பிரஷ். ஏணிக்குப் பின்னால், ஸ்கிம்மர் வாய்க்குள், படிகளின் மடிப்பில் எல்லாம் கை போக வேண்டும். முக்கியமாக, தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு. மெயினை அணைத்துவிட்டு நாலு ஸ்க்ரூவைக் கழற்றி விளக்கை வெளியே இழுத்தால் பின்னாலுள்ள குழியில் கைநிறையப் பச்சைச் சேறு இருக்கும். மாதாமாதம் பாசி திரும்பி வருகிறது என்று புலம்பும் வீடுகளில் நான் முதலில் கழற்றுவது விளக்கைத்தான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பச்சை போய் வெண்சாம்பல் நிறம் வரும். ஓனர்கள் தைரியம் இழப்பது இங்கேதான். "பால் மாதிரி ஆயிடுச்சே, என்ன பண்ணிட்டீங்க?" என்று அந்த ஓனரும் கேட்டார். அது செத்த பாசி, சார், இனிமேல் ஃபில்டர் வேலை என்றேன். மணல் ஃபில்டர் அந்தத் துகள்களைப் பிடிக்க நாள் எடுக்கும். பிரஷர் மீட்டர் சுத்தமான ஃபில்டரில் 0.8 பார் காட்டினால், 1.3 வந்ததும் பேக்வாஷ். மோட்டாரை நிறுத்தாமல் வால்வு கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ரப்பர் கிழிந்துவிடும். பேக்வாஷில் கண்ணாடிக் குப்பியில் முதலில் பச்சை ஓடும், பிறகு வெளிறும், பிறகு தெளியும். தெளிந்தபின் ஒரு நிமிஷம் ரின்ஸ்.

அவசரத்துக்குப் படிகாரம் போடலாம். ராத்திரி மோட்டாரை நிறுத்திவைத்தால் காலையில் எல்லாம் அடியில் படிந்திருக்கும். ஆனால் அதை ஃபில்டர் வழியாக இழுக்கக்கூடாது, மணல் கட்டியாகிவிடும். வேக்வம் போட்டு நேரே வெளியே தள்ள வேண்டும், அந்தத் தண்ணீர் நஷ்டம். விசேஷம் வைத்திருக்கும் வீட்டுக்கு மட்டும் அதைச் செய்வேன். மயில்துத்தம் எந்த வீட்டுக்கும் போடமாட்டேன். செம்பு பாசியைக் கொல்லும், உண்மைதான். பிறகு அந்தச் செம்பு தண்ணீரிலேயே இருந்து டைல்ஸ் இடுக்கில் கறை பிடிக்கும். நரைத்த தலையோடு தினம் நீந்திய ஒரு பெரியவருக்கு முடி பச்சை படர்ந்துபோய், வீட்டில் எல்லோரும் டாக்டர் டாக்டராக அலைந்த கதை எனக்குத் தெரியும்.

ஆசிட், ஹைப்போ மாதிரி ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மருந்துகளைக் கலப்பது பெரிய இடங்களிலும் நடக்கிறது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையானதை டிவியில் பார்த்திருப்பீர்கள். யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டிருக்கிறார்கள். அது குளோரினை முறித்துவிடும். குளோரின் போனதும் பாசி வந்துவிட்டது.

வேலை முடிந்ததா என்பதைத் தண்ணீரின் நிறம் சொல்லாது. தெளிந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சூரியன் மறைந்தபின் குளோரினை அளந்து எழுதிவைத்துவிட்டு, விடிவதற்குள் மறுபடி அளக்க வேண்டும். ராத்திரி வெயில் கிடையாது. இறங்கியிருந்தால் ஏதோ ஒரு உயிர் இன்னும் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு பிபிஎம்முக்குள் இறங்கியிருந்தால், அழுக்கோடு சேர்ந்து செத்த குளோரினும் அரை பிபிஎம்முக்குள் இருந்தால், நிறுத்தலாம். முட்டுக்காட்டில் தண்ணீர் பளிங்காகத் தெரிந்த அன்றைக்கு ராத்திரி மூன்று பிபிஎம் இறங்கியிருந்தது. ஓனர் பணத்தை செட்டில் பண்ணத் தயாராக இருந்தார், நான்தான் நிறுத்திவைத்தேன். தேடினால், குளத்திலிருந்து வழியும் தண்ணீர் சேரும் பேலன்சிங் டேங்க் சுவரில் விரல் பருமனுக்குப் பாசி. அதையும் தேய்த்து, இன்னும் சில நாள் 12-லேயே வைத்த பிறகுதான் விடியும்வரை குளோரின் நின்றது.

அடியில் இருக்கும் ட்ரெயின் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியும்வரை யாரையும் இறங்க விடுவதில்லை. கிருமி ஒருபுறம் இருக்கட்டும். கலங்கிய தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் ஓனர், விருந்தாளி என்று யார் சொன்னாலும் நான் கேட்பதில்லை, கேட்டை நானே பூட்டியிருக்கிறேன்.

போர் தண்ணீரில் இரும்பு இருக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை. பச்சை போக ஹைப்போ விட்டதும் தண்ணீர் செம்பழுப்பாகிவிடும். அதனால் நிரப்பும் தண்ணீரை முன்கூட்டியே ஒரு வெள்ளை வாளியில் பிடித்து நாலு சொட்டு ஹைப்போ விட்டுப் பார்ப்பேன். நிறம் மாறினால் லாரித் தண்ணீர்தான்.

கிளம்பும்போது வாட்ச்மேனிடம் சொல்லிவைப்பது சுருக்கம். வெயில் சாய்ந்ததும் இரண்டு லிட்டர் ஹைப்போ, தண்ணீர் வரும் துவாரத்துக்கு நேரே மெதுவாக ஊற்று, கிட்டில் பார்த்து காலண்டரில் எழுது, மழை பெய்தால் எனக்கு போன் பண்ணு. மிதவையையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து ஓனரிடமே கொடுத்துவிடுவேன். வெளியூர் போகிற வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

தினம் ஹைப்போ தூக்கச் சலித்துப்போன வீடுகள் இப்போது உப்பு மெஷின் மாட்டுகின்றன. "எங்க பூல்ல குளோரினே கிடையாது, உப்புத் தண்ணி" என்று பெருமையாகச் சொல்வார்கள். 70,000 லிட்டருக்கு 250 கிலோ உப்பு கரைத்து, மின்சாரம் பாய்ச்சி அந்தப் பெட்டி தயாரிப்பது அதே குளோரின்தான். நல்ல மெஷின், நானே மாட்டித் தருகிறேன். ஆனால் இந்தக் கடலோரப் போர் தண்ணீருக்கு அதன் தகடுகளில் சீக்கிரமே வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், மெஷின் விளக்கு சிவப்பாகும், குளோரின் நின்றுவிடும். கழற்றி நீர்த்த ஆசிட்டில் ஊறவைத்து மாட்டினால் சரியாகிவிடும், ஒரு மணி நேர வேலை. நான் வந்து அதைச் செய்யும்வரைக்கும் ஒரு கேன் ஹைப்போ வீட்டில், நிழலில், புதிதாக இருக்கட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.